முப்பத்தெட்டே சொல் உள்ள மொழி: பிரிட்ஜ் ஏலமும் நம்ம சென்னையும்



வாரம் இரண்டு நாள் பிரிட்ஜ் ஆடப் போகிறேன் என்று போன மாதம் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த பதில்களில் பாதி, "டீச்சர், நீங்களா சீட்டு ஆடுறீங்க?" என்றுதான் இருந்தன. சித்தி பெண் ஒருத்தி போனிலேயே கூப்பிட்டு, "அக்கா, பணம் ஏதும் வைத்து ஆடலையே?" என்று கேட்டாள். அவள் கவலை நியாயம்தான். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டு உயிரையும் விட்டவர்களைப் பற்றி எத்தனை செய்திகள் படித்துவிட்டோம். அதனால் சீட்டுக்கட்டு என்றாலே சூதாட்டம் என்று மனசில் பதிந்துவிட்டது.

முதலில் அதற்கு ஒரு பதில். 1968-ல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் நடந்த வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரம்மிக்காக வாதாடும் வக்கீல்கள் இன்று வரை அந்தத் தீர்ப்பைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதில் ஒரு இடம் எனக்குப் பிடிக்கும். ரம்மியில் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று விளக்க, பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது இருக்கும் அதிர்ஷ்டம் எப்படியோ அப்படித்தான் இதுவும் என்று ஒப்பிட்டிருக்கிறார்கள். அதாவது பிரிட்ஜ் திறமையின் ஆட்டம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, அதை அளவுகோலாகவே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் ஆடுவதில் காசு கிடையாது. சுண்டலும் காப்பியும் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பிரிட்ஜில் பாதி ஆட்டம் சீட்டைக் கீழே போடுவதற்கு முன்பே முடிந்துவிடும். அந்தப் பாதிக்குப் பெயர் ஏலம். உங்களில் பலர் கோடை லீவில் இருபத்தெட்டு ஆடியிருப்பீர்கள். ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. ஒரு ஜாதிக்கு 7, நாலு ஜாதிக்கு 28. யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் இதே வகையில் முந்நூற்று நாலு ஆடுவார்கள். அங்கேயும் ஏலம் உண்டு. "பதினாறு", "பதினெட்டு", "பாஸ்" என்று கேட்போம். ஆனால் இருபத்தெட்டில் ஏலம் எடுத்தவர் துருப்பை மறைத்துக் கவிழ்த்து வைப்பார். கேட்கிற எண்ணுக்குப் பின்னால் என்ன ஜாதி இருக்கிறது என்று கூட்டாளிக்கே தெரியாது. பிரிட்ஜ் இதற்கு நேர் எதிர். எண்ணையும் ஜாதியையும் சேர்த்தே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நாலு பேர் காதிலும் விழ வேண்டும்.

எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஆளுக்கு 13 சீட்டு. ஒரு சுற்றில் விழும் நாலு சீட்டும் ஒரு பிடி, ஆக மொத்தம் 13 பிடி. "ஒன்று" என்று கேட்டால் ஆறு போக ஒன்று, அதாவது ஏழு பிடி எடுப்பேன் என்று அர்த்தம். "ஏழு" என்றால் பதின்மூன்றும் எனக்கே. ஜாதிகளுக்கு ஏறுவரிசை உண்டு: கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேடு. இவற்றுக்கும் மேலே நோ டிரம்ப், அதாவது துருப்பே இல்லாத ஆட்டம். ஏழு எண், ஐந்து வகை, ஆக 35 கேள்விகள். இவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். மொத்தம் 38 சொல்.

இந்த 38 சொல்லை வைத்துக்கொண்டு உங்கள் 13 சீட்டை எதிரில் இருப்பவருக்கு விவரிக்க வேண்டும். ஒருவர் கையில் வரக்கூடிய சீட்டுச் சேர்க்கைகள் எத்தனை தெரியுமா? 63,501 கோடியே 35 லட்சத்து 59 ஆயிரத்து 600. பன்னிரண்டாம் வகுப்பில் சேர்மானம் படித்தவர்கள் 52-லிருந்து 13 போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனையையும் சொல்ல 38 சொல் எப்படிப் போதும்? போதாதுதான். அந்தப் பற்றாக்குறையைச் சமாளித்த கதைதான் ஏலத்தின் வரலாறு.

ஏலம் பிறந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1886-ல் லண்டனில் 'பிரிட்ச்' என்கிற ரஷ்ய ஆட்டம் பற்றி ஒரு சிறு வெளியீடு வந்தது. அதில் ஏலம் இல்லை. சீட்டுப் போட்டவரோ அவர் ஜோடியோ துருப்பைச் சொல்லிவிடுவார்கள். ஏலம் சேர்ந்தது எப்படி என்பதற்கு வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். வட இந்தியாவில் ஆள் அரவமற்ற ஒரு ஊரில் மூன்று ஐ.சி.எஸ். அதிகாரிகள் மாட்டிக்கொண்டார்களாம். நாலாவது கை இல்லை. ஆளில்லாத அந்தக் கையை யார் எடுத்து ஆடுவது என்பதற்கு ஏலம் விட்டார்களாம். கதை அப்படியே உண்மையோ இல்லையோ, 1903-ல் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் இந்தப் புது ஆட்டத்தைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருஷம் ஜான் டோ என்ற புனைபெயரில் ஒரு விதிமுறைப் புத்தகமும் வெளிவந்தது. வெளிவந்த ஊர் அலகாபாத்.

இங்கே ஒரு சின்ன விலகல். நம் லஸ்ஸில் இருக்கிற மயிலாப்பூர் கிளப் தொடங்கியதும் அதே 1903-ல்தான். வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிளப் 1832-லேயே வந்துவிட்டது, ஆனால் அங்கே நம்மவர்களுக்கு இடம் இல்லை. அதனால்தான் மவுண்ட் ரோட்டில் 1873-ல் காஸ்மாபாலிட்டன் கிளப், பிறகு மயிலாப்பூர் கிளப் என்று வந்தன. கோர்ட் முடிந்து வந்த வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் சாயங்காலம் டென்னிஸும் சீட்டு மேசையும்தான் பொழுதுபோக்கு. நான் பல வருஷம் மயிலாப்பூரில் வேலை பார்த்தேன், லஸ் சர்ச் ரோட்டில் போகும்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போவேன். உள்ளே இருப்பது பெரிய மனிதர்கள் விஷயம், நமக்கென்ன என்று நினைத்துக்கொண்டதோடு சரி. பிரிட்ஜ் வெகு காலம் அப்படியே இருந்துவிட்டது. இருபத்தெட்டு திண்ணையில் உட்கார்ந்தது, பிரிட்ஜ் கிளப் நாற்காலியில் உட்கார்ந்தது. ஆட்டத்தின் கஷ்டத்தால் வந்த பிரிவு இல்லை இது. இருபத்தெட்டில் துருப்பு எது என்று ஊகிக்கத் தெரிந்த எந்தப் பாட்டிக்கும் பிரிட்ஜ் வந்திருக்கும்.

அந்த அலகாபாத் காலத்து ஏல பிரிட்ஜில் ஒரு குறை இருந்தது. "ஒன்று" என்று கேட்டுவிட்டுப் பத்து பிடி எடுத்தாலும் முழுப் பத்துக்கும் மதிப்பெண் கிடைக்கும். அப்படியானால் உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே! பதுங்கிக் கேட்டுவிட்டு அள்ளிக்கொள்ளலாம். 1925-ல் அமெரிக்கப் பணக்காரர் ஹெரால்டு வாண்டர்பில்ட் 'ஃபின்லாந்து' என்ற கப்பலில், பனாமா கால்வாய் வழியாக ஹவானாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில் நண்பர்களோடு ஆடும்போது புது மதிப்பெண் அட்டவணை ஒன்றை வைத்துப் பார்த்தார். கேட்டது எவ்வளவோ அது மட்டும்தான் 'கேம்' கணக்கில் சேரும், மேலதிகமாக எடுத்த பிடிகள் சேராது. கேட்டதை எடுக்காவிட்டால் அபராதம். கான்ட்ராக்ட் பிரிட்ஜ் இதுதான், 2025-ல் அதற்கு நூறு வயது நிறைந்தது. எனக்கு இது பரீட்சை மாதிரிப் படுகிறது. எழுதுவதற்கு முன்பே "நான் இத்தனை மார்க் வாங்குவேன்" என்று சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் மிச்சம் வீண், கூட்டிச் சொன்னால் தண்டனை. இதன் பிறகுதான் துல்லியமாகச் சொல்வது முக்கியமாயிற்று.

துல்லியம் வந்ததும் சண்டையும் வந்தது. 1929-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பென்னட் தம்பதி ஆடிக்கொண்டிருந்தார்கள். கணவர் "ஒரு இஸ்பேடு" என்றார், மனைவி அதை "நாலு இஸ்பேடு" ஆக்கினார். பத்து பிடி எடுக்க முடியவில்லை. வாக்குவாதம் முற்றி மனைவி கணவரைச் சுட்டே விட்டார். 1931-ல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது! (கணவனும் மனைவியும் ஜோடி சேர்ந்து ஆட வேண்டாம் என்று எங்கள் மேசையிலும் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி பயம் இல்லை, இரவுச் சாப்பாட்டு பயம்.)

அதே 1931 டிசம்பரில் நியூயார்க்கில் இன்னொரு சண்டை தொடங்கியது. ஏலத்துக்கு எந்த இலக்கணம் சரி என்று எலி கல்பர்ட்சன் ஒரு பக்கம், சிட்னி லென்ஸ் மறுபக்கம். 150 ரப்பர் ஆடி, அடுத்த ஜனவரியில் 8,980 புள்ளி வித்தியாசத்தில் கல்பர்ட்சன் ஜெயித்தார். தினமும் பத்திரிகைகளில் கிரிக்கெட் மாதிரி செய்தி. பாதியிலேயே லென்ஸின் ஜோடி ஆஸ்வால்டு ஜேகபி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இரண்டு பேரும் ஒரே மொழி பேசினாலும் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் இல்லை. கல்பர்ட்சன் பக்கம் முக்கிய ஜோடியாக ஆடியவர் அவர் மனைவி ஜோசஃபின். மேலே சொன்ன எங்கள் வழக்கத்துக்கு இது விதிவிலக்கு.

கல்பர்ட்சனின் கணக்கு முறை கொஞ்சம் சிக்கல். சாதாரண ஜனங்களுக்கு ஆட்டத்தைத் திறந்துவிட்டது மில்டன் வொர்க் பரப்பிய எளிய எண்ணிக்கைதான். அதை 1949 வாக்கில் சார்லஸ் கோரன் உலகம் முழுக்கக் கொண்டுபோனார். ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. கட்டு முழுக்க 40 புள்ளி. இதைப் படித்தபோது எனக்குள் இருந்த ஒன்றாம் வகுப்பு டீச்சர் துள்ளிக் குதித்தாள். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று! எனக்கு இருப்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும்தான், கணக்கில் பெரிய படிப்பு இல்லை. ஆனால் நாற்பதுக்குள் கூட்டல் போடச் சொல்லிக்கொடுத்தே வாழ்நாளைக் கழித்தவள் நான். பணி ஓய்வுக்குப் பிறகு, அடையாறில் எங்கள் குடியிருப்பு மேல்மாடியில் இருந்த ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி மாமா ஒருவர் இந்த நாலு எண்ணைச் சொன்ன அன்றே, மீதியும் வந்துவிடும் என்று தெரிந்துவிட்டது.

உங்களுக்கும் ஒரு கை போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கையில் இஸ்பேடு ஏஸ், ராணி, 5. ஆட்டின் ராஜா, ஜாக்கி, 8, 4. டைமன் ஏஸ், 7, 2. கிளாவர் ராணி, 9, 3. கூட்டுங்கள். ஆறு, நாலு, நாலு, இரண்டு, ஆக 16. எல்லா ஜாதியும் சமமாகப் பரவியிருக்கிறது. இப்படி 15 முதல் 17 வரை இருந்தால் "ஒரு நோ டிரம்ப்" என்று தொடங்குங்கள். பாருங்கள், ஒரே சொல்லில் உங்கள் பலம், கையின் வடிவம் இரண்டையும் ஜோடிக்குச் சொல்லிவிட்டீர்கள். ஜோடியிடம் 10 புள்ளி, ஆட்டினில் நாலு சீட்டு. இருவருக்கும் சேர்த்து 25 இருந்தால் கேம் எடுக்கப் பார்க்கலாம் என்பது பொது விதி. அவர் 15-ஐயும் 10-ஐயும் கூட்டிப் பார்த்து, குறைந்தது 25 உறுதி என்று தெரிந்துகொள்கிறார். ஆனால் ஆட்டினைத் துருப்பாக்கலாமா என்று தெரிய வேண்டும். "இரண்டு கிளாவர்" என்கிறார். அவருக்குக் கிளாவரில் ஒன்றும் விசேஷம் இல்லை. "உங்களிடம் ஆட்டினிலோ இஸ்பேடிலோ நாலு சீட்டு உண்டா?" என்ற கேள்வி அது. நீங்கள் "இரண்டு ஆட்டின்" என்கிறீர்கள். அவர் "நாலு ஆட்டின்" என்று முடித்துவிடுகிறார். துருப்பில் எட்டு சீட்டு உங்கள் பக்கம், பத்து பிடி இலக்கு.

அந்த "இரண்டு கிளாவர்" கேள்விக்கு ஸ்டேமன் என்று பெயர். சாமுவேல் ஸ்டேமன் 1945-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார், பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. யோசனை அவருடைய ஜோடி ஜார்ஜ் ரப்பேயுடையது. இப்படி ஒரு சொல்லுக்கு அகராதிப் பொருளை விட்டு வேறு பொருள் வைத்துக்கொள்வதைக் கன்வென்ஷன் என்பார்கள். தமிழில் குழூஉக்குறி என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்களே, தட்டார் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று. கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம். தட்டாரின் குழூஉக்குறி மற்றவருக்குப் புரியக் கூடாது என்பதற்காக. பிரிட்ஜில் உங்கள் குழூஉக்குறியின் அர்த்தத்தை எதிராளி கேட்டால், மறைக்காமல் விளக்கியே ஆக வேண்டும். எதிராளிக்குத் தெரியாத ரகசிய ஒப்பந்தம் எதுவும் உங்கள் ஜோடிக்குள் இருக்கக் கூடாது.

இந்த ஆட்டத்தில் என்னைக் கட்டிப்போட்டது இந்த விதிதான். "ஒரு நோ டிரம்ப்" என்பதைத் தயங்கிச் சொன்னால் ஒரு அர்த்தம், உரக்கச் சொன்னால் ஒரு அர்த்தம் என்று வரலாம். அதைத் தடுக்க 1960-களில் ஸ்வீடனில் ஏலப் பெட்டி வந்தது. வாய் திறக்காமல், அச்சடித்த அட்டையை எடுத்து வைத்தால் போதும். முகபாவம் தெரியாமல் இருக்க, 1975 உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை வந்தது. இன்று பெரிய போட்டிகளில் எதிரில் இருக்கும் ஜோடியின் முகத்தையே பார்க்க முடியாது. அட்டைகள் வைத்த தட்டு மட்டும் திரைக்கு அடியில் போய் வரும்.

இவ்வளவு காவல் இருந்தும் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் சென்னைக்கு வர முடியும்.

2013-ல் பாலி தீவில் நடந்த உலகப் போட்டியில் மூத்தோர் பட்டத்தை ஜெர்மனி ஜெயித்தது. அந்த அணியின் ஒரு ஜோடி இருமலிலேயே சேதி சொல்லிக்கொண்டது என்று உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு தீர்ப்பளித்துப் பட்டத்தைப் பறித்தது. அடுத்த உலகப் போட்டி 2015-ல், நம்ம சென்னையில். செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 10 வரை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் கடைசியில், நார்வே ஆட்டக்காரர் போயே ப்ரோகலாண்ட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தன் சொந்த அணியில் முன்பு கூட ஆடிய ஒரு இஸ்ரேல் ஜோடியே ஏமாற்றுகிறது என்றார். அந்த அணியோடு ஜெயித்த பட்டங்களைத் தானும் விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். ஐரோப்பியப் போட்டிகளின் வீடியோக்களை உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். சீட்டு இருக்கும் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதுதான் குறி என்று கண்டுபிடித்தார்கள். மொனாக்கோவுக்கு ஆடிய ஒரு இத்தாலிய ஜோடி சீட்டை நெட்டாக வைக்கிறதா குறுக்காக வைக்கிறதா என்பதைக் கவனித்துச் சொன்னவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. உலகச் சாம்பியன் இல்லை, கிளப்பில் ஆடுகிறவர். இந்த ஜோடிக்குப் போட்ட தடையை, சாட்சியம் போதாது என்று சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2018-ல் நீக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சென்னைப் போட்டி நெருங்க நெருங்க இஸ்ரேல் விலகியது, மொனாக்கோ விலகியது, ஒரு ஜோடி தவறை ஒப்புக்கொண்டதால் ஜெர்மனியும் விலகியது. ஆட்டம் தொடங்கும் தறுவாயில் போலந்தின் ஒரு ஜோடிக்குக் கொடுத்த அழைப்பையும் கூட்டமைப்பு திரும்பப் பெற்றது. ஆறு பேரோடு வர வேண்டிய போலந்துக்கு மிச்சம் நாலே பேர். மற்ற அணிகள் ஒரு ஜோடிக்கு ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றி ஆடும். இவர்களுக்கு ஓய்வே இல்லை, இரண்டு வாரமும் அதே நாலு பேர்தான். அதில் ஒரு ஜோடி பியோட்டர் காவ்ரிஷும் மிஹாவ் க்ளுகோவ்ஸ்கியும். காவ்ரிஷ் 1984-லேயே ஒலிம்பியாட் ஜெயித்தவர், அறுபதை ஒட்டிய வயது. க்ளுகோவ்ஸ்கிக்கு 19. தாத்தாவும் பேரனும் போல எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் திரை போட்டு, அந்த 38 சொல்லில் பேசிக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனைத் தோற்கடித்து போலந்து முதல் முறையாக பெர்முடா கோப்பையை எடுத்தது. நடந்தது நம் ஊரில்! பெண்கள் கோப்பை பிரான்ஸுக்குப் போனது.

இதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? இரண்டு மாதத்தில் டிசம்பர் வெள்ளம் வந்துவிட்டது. 2015 என்றால் நமக்கு அடையாற்றில் ஓடிய தண்ணீர்தான் நினைவு, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் முழுகியதுதான் நினைவு. ஆனால் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும், சென்னை என்றால் அந்தப் போட்டியைத்தான் சொல்வார்கள்.

எனக்கு அந்தக் கதையில் பெரிதாகத் தெரிவது கோப்பை இல்லை. பரீட்சை ஹாலில் காப்பியடிப்பவனைப் பிடிப்பது சுலபம், பக்கத்தில் இருப்பவன் எழுந்து சொல்வதுதான் கடினம். இத்தனை வருஷத்தில் அப்படிச் சொன்ன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தன் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்ன பெரியவர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை, ப்ரோகலாண்டைப் படிக்கும் வரை.

சரி, நம்மவர்கள் ஜெயிக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் தடவையாக பிரிட்ஜைச் சேர்த்தார்கள். ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் வங்காளத்தைச் சேர்ந்த பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். பர்தனுக்கு அப்போது 60 வயது, சர்க்காருக்கு 56. அறுபது வயதில் கழுத்தில் தங்கப் பதக்கம்! "இந்த வயசில் உங்களுக்கு எதுக்கு டீச்சர்" என்று கேட்டவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு வீட்டுப்பாடம்: ஒரு சீட்டுக்கட்டை எடுத்து, தினமும் பத்து தடவை 13 சீட்டுப் போட்டு, புள்ளியைக் கூட்டி, வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள். 12 அல்லது 13 புள்ளியும் ஐந்து ஆட்டினோ ஐந்து இஸ்பேடோ இருந்தால் அந்த ஜாதியில் "ஒன்று" என்று தொடங்குங்கள். 15 முதல் 17, சமமான கை என்றால் "ஒரு நோ டிரம்ப்". அதற்கும் கீழே என்றால் பாஸ். ஒரு மாதத்துக்கு இவ்வளவு போதும், ஸ்டேமன் எல்லாம் பிறகு.

மேல்மாடி மாமா மகன் வீட்டுக்கு சிங்கப்பூர் போயிருக்கிறார், தை பிறந்துதான் வருவார். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலரை மணிக்கு மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு, அந்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் மாதிரி ஆளில்லாத கையை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறோம். அடையாறு, திருவான்மியூர், மயிலாப்பூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது வருவதானால் ஒரு வரி எழுதுங்கள். சுண்டலுக்குக் கூட ஒரு கைப்பிடி ஊறப் போட வேண்டும்.